கைவிடப்பட்ட கதிரியக்கக் கருவிகள்: உரிம விதிகளை இறுக்கினால் போதுமா?

பொருநை:
கதிரியக்கப் பொருள்களுக்கான உரிம விதிகளை இன்னும் இறுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிரேசிலின் கோயானியா நகரில், வேறிடத்துக்கு மாறிய தனியார் கதிர்வீச்சுச் சிகிச்சை நிலையம் ஒன்று, சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் அடங்கிய கருவியைப் பழைய கட்டடத்திலேயே விட்டுச் சென்றது. 1987-இல் அதைக் கழற்றியவர்கள் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். நான்கு பேர் இறந்தனர்.

முல்லை:
நீங்கள் காட்டும் சான்றே உங்கள் வாதத்துக்கு எதிராக நிற்கிறது. இடம் மாறினால் ஒழுங்குமுறை அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்த உரிமத்திலேயே இருந்தது, யாரும் தெரிவிக்கவில்லை. கருவிக்குள் இருந்த சீசியம், இருட்டில் நீல நிறமாய் ஒளிரும் பொடியாக இருந்தது. அந்தப் பொடியை, ஆபத்து என்று அறியாமல், உறவினர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். உடலில் பூசிக்கொண்டவர்களும் உண்டு. வாந்தியோடும் தோல் புண்களோடும் வந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது மருத்துவர்களுக்கு உடனே புலப்படவில்லை. பின்னர் 1,12,000-க்கும் மேற்பட்டோரைச் சோதிக்க நேர்ந்தது. பழைய இரும்பு வாங்குபவருக்கும் தீயணைப்பு வீரருக்கும் அவசரப் பிரிவு மருத்துவருக்கும் பயிற்சி அளிப்பதற்கே முதல் பணத்தைச் செலவிட வேண்டும்.

பொருநை:
மருத்துவர் கண்டறிவதற்குள் பொடி வீடு வீடாகப் போய்விடுகிறதே! விதிகளின் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லவில்லை. கருவியை வாங்கும்போதே, அதைத் திருப்பி அனுப்புவதற்கான செலவை வைப்புத்தொகையாகப் பெற வேண்டும். ஆண்டுதோறும் ஒருவர் நேரில் சென்று வரிசை எண்ணைச் சரிபார்க்க வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் பயன்படாமல் கிடந்த, கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் கொண்ட கருவி, 2010-இல் ஏலத்தில் விற்கப்பட்டு மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் உடைக்கப்பட்டது. அங்கும் ஓர் உயிர் போயிற்று. இத்தகைய சரிபார்ப்பு நடந்திருந்தால் அது ஏலத்துக்கே போயிருக்காது.

கரையோரம்:
உருக்காலை வாயிலில் கதிர்வீச்சு உணரிகளை நிறுவினால் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் 1998-இல் ஸ்பெயினின் அல்கெசிராஸ் அருகே ஓர் உருக்காலையில், பழைய இரும்போடு வந்த சீசியம்-137 உணரிகளுக்குத் தப்பி உலையில் உருகியது. பிற நாடுகளின் காற்றில்கூட அதன் தடயம் தென்பட்டது.

முல்லை:
வைப்புத்தொகை யோசனையை ஏற்கிறேன். ஆனால் உரிமையாளரே இல்லாமல் எங்கோ கிடக்கும் கருவிகளுக்கு யாரிடம் பெறுவது? மண்டையோட்டுப் படமும் தப்பி ஓடுகிற மனிதனின் உருவமும் கொண்ட சிவப்பு எச்சரிக்கைக் குறி 2007-இல்தான் வந்தது. கருவியைக் கழற்றுபவரின் கண்ணில் படும்படி உள்ளே ஒட்டுவதற்கென்றே அது உருவாக்கப்பட்டது. அதற்கு முன்பே கைவிடப்பட்ட கருவிகளில் அது இருக்க வழியில்லை. அவற்றைத் திறக்கப் போகிறவருக்கு, கனமான ஈயக் கவசத்தைக் கண்டதும் கையை எடுத்துவிட்டு விலகி நின்று தகவல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கு எந்த நிதியிலும் இடமில்லை என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.