புதுப்பிப்பு: மலையகத்து ஹட்டன் வீட்டின் புதுக் குசினி, மழைநாளில் விழும் ட்ரிப் சுவிட்ச்

தரைக்கடியில் வயர் போட்ட புதுக் குசினியில், மழை பெய்தால் 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "தரையை விட்டு, சீலிங் வழியாக எடுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது.

மெயினை அணைத்து வயரிங் பாஸ் (எலக்ட்ரீஷியன்) பழைய வயரை இழுத்தபோது, அது போன பைப்பிலிருந்து சேற்றுத்தண்ணீர் கொட்டியது. மேட்டுப்பக்க மண்ணின் ஊற்று. வளைவில் வயரின் தோல் நகக்கீறல் அளவுக்குக் கிழிந்திருந்தது; அதில் தண்ணீர் பட்டுத்தான் கரண்ட் கசிந்திருக்கிறது.

புதிய 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், சீலிங்குக்கு மேலே பைப்பில், கூரைத் தகரத்தில் படாமல் சுவரோரமாகப் போய், ஒவ்வொரு பிளக் பொயின்டுக்கும் நேர்கீழாக இறங்குகிறது.

எதிர்பாராதது ஒன்று: பத்து நாளில் ஒரு பிளக் பொயின்ட் பெட்டிக்குள் நீர்த்துளிகள். கூரை ஒழுகவில்லை. குசினி ஆவி பைப்பில் ஏறி, மேலே குளிரில் நீராகித் திரும்பியிருக்கிறது. பெட்டியைக் காயவைத்து, பைப் வாயை சிலிக்கனால் அடைத்தோம். அப்புறம் மூன்று வாரம், நல்ல மழை, ட்ரிப் விழவேயில்லை.