சட்டையில் காய்ந்துபோன சிலிக்கான் சீலன்ட் கறையை வீட்டிலேயே நீக்க வழி உண்டா?

திருநகர்வாசி (கேள்வி):

சென்ற ஞாயிற்றுக்கிழமை, பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் கிரானைட் மேடைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் தண்ணீர் இறங்குகிறது என்று, கடையில் சிலிக்கான் சீலன்ட் வாங்கி வந்து நானே கன் வைத்துப் பூசினேன். வேலை முடிந்த மகிழ்ச்சியில், விரலில் ஒட்டியிருந்ததை என்னை அறியாமல் சட்டையில் துடைத்துவிட்டேன். அது அக்கா மகள் திருமணத்துக்கு எடுத்த வெளிர்நீலப் பருத்திச் சட்டை. வீட்டில் யாரும் கவனிக்காமல் மற்றத் துணிகளோடு வாஷிங் மெஷினில் போட்டு, வெயிலிலும் உலர்த்திவிட்டார்கள். நல்லவேளையாக இஸ்திரி போடவில்லை. இப்போது பைக்குக் கீழே, கட்டைவிரல் அகலத்துக்கு, ரப்பர் போன்ற ஒரு தடிப்பு இருக்கிறது. நகத்தால் சுரண்டினால் ஓரம் மட்டும் லேசாக எழும்புகிறது, அதற்கு மேல் வரவில்லை.

அதே நாளில் சுவர் விரிசலுக்குப் பூசிய வெள்ளை அக்ரிலிக் சீலன்ட்டும் பாலியஸ்டர் கலந்த கால்சட்டையில் இரண்டு இடங்களில் பட்டிருக்கிறது. சிலிக்கானைப் பூசும்போது வினிகர் வாடை அடித்ததால், வினிகரில் ஊறவைத்தால் கரையும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். துணி பாழாகாமல் இவற்றை எடுக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கண்ணாடிவேலை, கோவை:

ஐயா, பதினெட்டு ஆண்டுகளாக அலுமினிய ஜன்னல், கண்ணாடி வேலை செய்கிறேன். சிலிக்கான் படாத சட்டை என்னிடம் ஒன்றுகூட இல்லை என்பதால், இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. காய்ந்த சிலிக்கானைக் கரைத்து எடுக்க முடியாது, துணியிலிருந்து உரித்துத்தான் எடுக்க வேண்டும். இது மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் தடிப்பைக் குறையுங்கள். சட்டையைப் பலகை மேல் விரித்து, பழைய ஏ.டி.எம். அட்டையின் விளிம்பாலோ கரண்டியின் ஓரத்தாலோ, வெளி ஓரத்திலிருந்து நடுப்பக்கமாகத் தள்ளுங்கள். பிளேடு வேண்டாம்; சிலிக்கானும் நூலும் ஒரே மட்டத்தில் இருப்பதால் நூல்தான் முதலில் அறும். பிறகு துணியைப் பாவு நூல் (நீள நூல்) வாக்கிலோ ஊடை நூல் (குறுக்கு நூல்) வாக்கிலோ இழுக்காமல், மூலைவாட்டில் இரண்டு கையாலும் பிடித்து இழுத்து இழுத்து விடுங்கள். அப்படி இழுக்கும்போது நெசவுக் கண்கள் சாய்ந்து கொடுக்கும். சிலிக்கான் அதே அளவுக்குச் சாயாததால் நூலைப் பிடித்திருக்கும் பிடி தளரும். ஓரம் எழும்பியதும் கட்டைவிரலால் அழுத்தி உருட்டினால், அழிப்பான் தூள் போலச் சின்னச் சின்ன உருளைகளாகக் கழன்று வரும்.

மிச்சம் இருப்பதற்குப் பெயின்ட் கடையில் விற்கும் டர்ப்பன்டைன் போதும். சட்டையின் உள்மடிப்பில் ஒரு சொட்டு வைத்து, சாயம் போகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கறைக்கு அடியில் பழைய வெள்ளைத் துணி ஒன்றை மடித்து வைத்து, துணியின் பின்பக்கத்திலிருந்து பஞ்சால் ஒற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் விடுங்கள். சிலிக்கான் உப்பி வலுவிழந்த பிறகு பழைய பல்துலக்கியால் தேய்த்தால் நெசவுக்குள் இருப்பதும் வெளியே வரும். ஒரே தடவையில் வராது. எனக்கு மூன்று, நான்கு தடவை பிடித்திருக்கிறது. அடுப்பு எரியும் சமையலறையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். டர்ப்பன்டைன் ஈரத்தோடு துணியை மெஷினில் போடவும் கூடாது. காற்றில் நன்றாக உலரவிட்டு, முதலில் கையால் துவைத்த பிறகுதான் போட வேண்டும்.

சௌமியா_தாம்பரம்:

சூயிங் கம் ஒட்டினால் செய்வது போல, சட்டையை ஒரு பையில் போட்டு இரவு முழுவதும் ஃப்ரீசரில் வைத்துப் பாருங்கள். இறுகியதும் உடைத்து எடுத்துவிடலாம். மெழுகுவர்த்தி மெழுகை நான் அப்படித்தான் எடுத்தேன்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:

சகோதரி சொல்லும் முறை மெழுகுக்கும் சூயிங் கம்முக்கும் நன்றாகவே பலன் தரும், சிலிக்கானுக்குத் தராது. வீட்டு ஃப்ரீசரின் குளிர் ஏறத்தாழ மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். சிலிக்கான் ரப்பரோ மைனஸ் 40 டிகிரியிலும் வளைந்து கொடுக்கும் பொருள், குளிர்ப் பிரதேசங்களில் கட்டட வேலைக்கு அதை விரும்பிப் பயன்படுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே காலையில் எடுத்துப் பார்த்தால் சட்டைதான் விறைத்திருக்கும், கறை அப்படியே இருக்கும். அக்ரிலிக் கறைக்கு வேண்டுமானால் ஓரளவு பயன்படலாம்.

வினிகர் பற்றிய கேள்விக்கு வருகிறேன். குழாயிலிருந்து வெளிவரும்போது பசையாக இருக்கும் சிலிக்கான், காற்றில் உள்ள ஈரத்தோடு வினைபுரிந்துதான் ரப்பராகிறது. அந்த வினையில் வெளியேறும் அசிட்டிக் அமிலமே நீங்கள் முகர்ந்த வாடை. சோறு வெந்தபோது எழுந்த ஆவியைத் திரும்பச் சோற்றில் செலுத்தினால் அது அரிசியாகாது அல்லவா, அதைப் போலத்தான் இதுவும். வினிகரில் எத்தனை நாள் ஊறவைத்தாலும் இறுகிய சிலிக்கான் இளகாது. (வாடையே இல்லாத வகையும் கடையில் உண்டு, இறுகிய பிறகு அதுவும் இப்படித்தான்.) ஈரம் பட்டால் இறுகும் பொருள் என்பதால், கறை பட்டவுடன் நாம் வழக்கமாகச் செய்கிற காரியமான தண்ணீரில் அலசுவதும் இதற்கு உதவாது. பசையாக இருக்கும்போதே தேய்க்காமல் வழித்தெடுத்து, மிச்சத்தை டர்ப்பன்டைனால் ஒற்றி எடுத்திருந்தால் அன்றே போயிருக்கும். ஆனால் பூசிய பத்து இருபது நிமிடங்களில் மேலே ஆடை கட்டிவிடும் என்பதால், அந்த வாய்ப்பு பலருக்குக் கிடைப்பதில்லை.

இறுகிய சிலிக்கானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வலைபோலப் பின்னிக்கொண்டவை. டர்ப்பன்டைன், மண்ணெண்ணெய் போன்ற எண்ணெய்ச் சார்புள்ள திரவங்கள் அந்த வலைக்குள் புகுந்து அதை உப்பவைக்குமே தவிர, வலையை அறுக்காது. உப்பிய ரப்பர் எளிதில் பிய்யும் என்பதுதான் நமக்குக் கிடைக்கும் ஆதாயம். பலரும் உடனே கையில் எடுக்கும் அசிட்டோன், அதாவது நெயில் பாலிஷ் ரிமூவரில் இருப்பது, சிலிக்கானை மிகக் குறைவாகவே உப்பவைக்கும். அந்த வகையில் கோவை நண்பர் டர்ப்பன்டைனைச் சொன்னது மிகச் சரி.

கால்சட்டையில் இருப்பது வேறு இனம். அக்ரிலிக் சீலன்ட் நீரில் கலந்து செய்யப்படுவது. ஈரமாக இருந்தபோது சோப்புத் தண்ணீரிலேயே போயிருக்கும். காய்ந்துவிட்டதால், மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து ஒற்றி, இளகியதும் அட்டையால் வழித்து, மீண்டும் ஒற்றுங்கள். அதற்கு மசியாவிட்டால் மட்டும் அசிட்டோன். பருத்தியையும் பாலியஸ்டரையும் அசிட்டோன் கரைக்காது என்றாலும் சாயத்தைக் கிளப்பிவிடலாம். அசிட்டேட் இழையால் நெய்த துணியையோ கண்ணெதிரே கரைத்துவிடும். சில கோட்டுகளின் உள்துணி அந்த வகை என்பதால் எச்சரிக்கையாக இருங்கள். சிலிக்கான் நீக்கி என்று தனியாக விற்பவற்றில் சில கடுமையான அமிலம் கலந்தவை. அவை ஓடு, கண்ணாடி ஆகியவற்றுக்கானவை, பருத்தி நூலை அரித்துவிடும்.

இறுதியாக, கறை முழுவதும் போனது கண்ணுக்கும் கைக்கும் உறுதியாகும்வரை இஸ்திரிப் பெட்டியை அருகில் கொண்டுவராதீர்கள். சூட்டோடு அழுத்தினால் அக்ரிலிக் நூலுக்குள் இன்னும் ஆழமாக இறங்கிவிடும்.

திருநகர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று மாலைப்பொழுதுகள் செலவான பிறகு எழுதுகிறேன்.

முதல் நாள் மூலைவாட்டில் இழுத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்காததால் சலிப்பாக இருந்தது. பிறகு திடீரென்று நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு பொத்தென்று எழும்பியது. அதன் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், சட்டையின் நெசவு அச்சுப் பதித்தது போல அப்படியே, கட்டம் கட்டமாக இருந்தது. இரண்டாம் நாள் டர்ப்பன்டைன். பல்துலக்கியில் வெள்ளைத் துகள்கள் வந்துகொண்டே இருந்தன. மூன்றாம் நாள் மாலை விரலால் தடவிப் பார்த்தபோது எதுவும் தட்டுப்படவில்லை.

ஆனாலும் ஒரு குறை மிச்சம். துவைக்கும்போது சட்டை முழுவதும் நனைகிறது, அந்த ஓர் இடத்தில் மட்டும் சேம்பிலையில் நிற்பது போலத் தண்ணீர் முத்தாக உருண்டு நிற்கிறது. உலர்ந்த பிறகு பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. இதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

கால்சட்டைக் கறை ஆல்கஹாலிலேயே போய்விட்டது, கால்மணி நேர வேலை. அசிட்டோனைத் திறக்கவே இல்லை.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:

நூலைச் சுற்றி மெல்லிய சிலிக்கான் படலம் தங்கியிருக்கிறது. மழைக்கோட்டுத் துணிகளில் வேண்டுமென்றே செய்வது உங்கள் சட்டையில் தற்செயலாக நடந்திருக்கிறது. இன்னொரு முறை டர்ப்பன்டைன் ஒற்றி உலரவிட்டு, பாத்திரம் கழுவும் திரவ சோப்பை நீர் சேர்க்காமல் அந்த இடத்தில் தடவி, அரைமணி நேரம் கழித்து வெதுவெதுப்பான நீரில் கசக்குங்கள். குறையும், அடியோடு போகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

திருநகர்வாசி:

சோப்புத் தடவி இரண்டு முறை துவைத்தேன், முத்து இப்போது சிறிதாகிவிட்டது. சட்டையை நேற்று அலுவலகத்துக்கே அணிந்து சென்றேன். தொட்டி இடுக்கில்தான் மறுபடியும் தண்ணீர் இறங்குகிறது. சட்டையில் ஒட்டிய அளவுக்கு அது கிரானைட்டில் ஒட்டவில்லை.

கண்ணாடிவேலை, கோவை:

ஈரம் முழுவதும் காயாத இடத்தில் பூசியிருப்பீர்கள் ஐயா. பழையதை முழுவதும் சுரண்டி எடுத்து, அந்த இடத்தைத் துடைத்து ஒரு நாள் தண்ணீர் படாமல் காயவிட்டு, மறுபடியும் பூசுங்கள். இந்த முறை இடுப்பில் ஒரு கந்தல் துணியைச் செருகிக்கொள்ளுங்கள்.