தீபாவளி விளம்பரத்துக்கு 30,000 ரூபாய் இருக்கிறது, எதில் போடுவது? உதவி தேவை

காங்கயம் செக்கு:
வணக்கம். காங்கயம் பக்கத்தில் நானும் வீட்டுக்காரரும் மரச்செக்கு வைத்து மூன்று வருடமாகிறது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆட்டுகிறோம். இந்த ஆடியில், விளம்பரம் செய்து தருகிறேன் என்று வந்த ஒருவரிடம் 18,000 ரூபாய் கொடுத்தோம். செக்கு சுற்றுகிற வீடியோவை ஃபேஸ்புக்கில் பூஸ்ட் போட்டார், அதாவது காசு கட்டி நிறையப் பேருக்குக் காட்டினார். நாலாயிரம் லைக் வந்தது. புதிதாக எண்ணெய் வாங்கியது 22 பேர்தான். தீபாவளிக்கு இன்னும் ஏழு வாரம். 30,000 ஒதுக்கியிருக்கிறோம், இந்தத் தடவையும் வீணாகிவிடக் கூடாது. இன்ஸ்டாகிராமா, லோக்கல் கேபிளா, பிட் நோட்டீஸா?

விளம்பரத் துறை, கோவை:
அக்கா, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களைப் போடுகிற ஆட்ஸ் மேனேஜர் பக்கத்துக்குப் போனால் முதல் கேள்வியே உங்கள் நோக்கம் என்ன என்பதுதான். லைக் வேண்டுமா, மெசேஜ் வேண்டுமா, விற்பனை வேண்டுமா? எதைச் சொல்கிறோமோ அதைச் செய்யும் பழக்கம் உள்ளவர்களைத் தேடிக் காட்டும். உங்களுக்கு லைக் போடுகிறவர்களைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது. எதில் போடுவது என்பதைக் கடைசியாகப் பார்க்கலாம். எல்லாச் செலவும் போக லிட்டருக்கு எவ்வளவு நிற்கிறது? அந்த 22 பேரில் மறுபடி வந்தவர்கள் எத்தனை பேர்?

காங்கயம் செக்கு:
லிட்டருக்கு 70 ரூபாய் நிற்கும் தம்பி. மறுபடி வந்தது 5 பேர். பழைய ஆட்களையும் சேர்த்து நோட்டில் 340 நம்பர் இருக்கிறது. அதில் 210 பேர் மூன்று மாதமாக வாங்கவில்லை. இப்போது எண்ணிப் பார்த்துத்தான் எனக்கே தெரிகிறது.

மளிகைக் கடை, மதுரை:
இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தால் சீசன் போய்விடும்மா. நோட்டீஸ் அடித்துப் பேப்பரோடு வைத்து அனுப்பு, லிட்டருக்கு 20 ரூபாய் குறை. கூட்டம் தானாக வரும்.

விளம்பரத் துறை, கோவை:
வரும் அண்ணே, ஆனால் நிற்காது. கணக்கைப் பாருங்கள். 18,000-ஐ 22-ஆல் வகுத்தால் ஒரு ஆளைக் கொண்டுவர 818 ரூபாய். லிட்டருக்கு 70 வீதம் அதை எடுக்க ஒருவர் 12 லிட்டர் வாங்க வேண்டும். மாதம் இரண்டு லிட்டர் என்றால் ஆறு மாதம். 20 ரூபாய் குறைத்தால் 16 லிட்டருக்கு மேல் போய்விடும். எண்ணெய் வியாபாரத்தில் லாபமே இரண்டாவது பாட்டிலில் இருந்துதான் ஆரம்பிக்கிறது. இங்கே 17 பேர் முதல் பாட்டிலோடு நின்றுவிட்டார்கள்.

அக்கா, ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கும் முன் அந்த 210 பேரில் 25 பேருக்குப் போன் செய்யுங்கள். விற்க வேண்டாம். ஏன் நிறுத்தினீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

காங்கயம் செக்கு:
நாலு நாளாகப் பேசினேன். 25 பேரில் 11 பேர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: வடை சுடும்போது நுரை பொங்கி அடுப்பில் வழிந்தது, கலப்படம் என்று நினைத்தோம். நாலு பேர் அடியில் கசடு என்றார்கள். மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. ரீஃபைன் செய்யும்போது எடுத்துவிடுகிற பிசினும் ஈரமும் செக்கு எண்ணெயில் இருக்கும், சூட்டில் நுரைக்கத்தான் செய்யும். எங்களுக்கு இது தெரிந்த விஷயம், வாங்குகிறவர்களிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

விளம்பரத் துறை, கோவை:
அப்படியென்றால் நோக்கத்தை ஒரே வரியில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்: நின்றுபோன 210 பேரில் 60 பேரைத் தீபாவளிக்குள் மறுபடி வாங்க வைப்பது. இதற்கு உதவாத செலவை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

பலகாரத்துக்குக் கடலை எண்ணெய் என்று விளம்பரம் செய்தால் தீபாவளியன்றே நுரைப் புகார் வரும். நல்லெண்ணெயை முன்னால் வையுங்கள். அன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்காத வீடு உண்டா? கருப்பட்டி போட்டு ஆட்டுகிறீர்கள் என்றால் அதைக் காட்டுங்கள். 200 மில்லி பாட்டில் போதும். கடலை எண்ணெயோடு ஒரு சின்ன அட்டை: "இது நுரைக்கும். தாளிக்க, குழம்புக்கு நல்லது. பொரிப்பதென்றால் வாணலியில் பாதிக்குக் கீழே ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். அடியில் படிவது கடலையின் கசடுதான்."

இதையெல்லாம் ஒரே மெசேஜாகப் பலருக்கு அனுப்ப வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் இருக்கிறது. ஆனால் ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான், அதுவும் உங்கள் நம்பரைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். போனில் பேசும்போதே சேமிக்கச் சொல்லிவிடுங்கள். அப்புறம், சர்க்கரை குணமாகும், மூட்டுவலி போகும் என்று எங்கேயும் எழுதாதீர்கள். உணவுப் பொருளுக்கு அப்படி விளம்பரம் செய்வது சட்டப்படி தப்பு.

மளிகைக் கடை, மதுரை:
சரி, நுரை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. என் பங்குக்கு ஒன்று: ஆட்டிய தேதியைப் பாட்டிலில் பேனாவால் எழுதும்மா. என் கடையில் பாட்டிலைத் திருப்பி முதலில் அதைத்தான் தேடுகிறார்கள்.

காங்கயம் செக்கு:
தீபாவளி முடிந்து ஒரு வாரமாகிறது. 60 வரவில்லை, 47 பேர் வந்தார்கள். அதில் 31 பேர் நல்லெண்ணெயோடு கடலை எண்ணெயும் எடுத்தார்கள். நுரை என்று இரண்டே போன். ஒரு அம்மா, "அட்டையில் போட்டிருந்ததே, நான்தான் வாணலி நிறைய ஊற்றிவிட்டேன்" என்றார். தேதியைப் பார்த்து மூன்று பேர் கேட்டார்கள் அண்ணா. அட்டை, சின்ன பாட்டில், டெலிவரி எல்லாம் சேர்ந்து 18,000 ஆனது, மீதி 12,000 கையில் இருக்கிறது. கார்த்திகை விளக்குக்கு நல்லெண்ணெய் கேட்டு இப்போதே போன் வருகிறது. புது ஆட்கள் பக்கம் போகலாமா தம்பி, இல்லை மீதி 163 பேரையும் கூப்பிட்டு முடித்துவிடட்டுமா?

விளம்பரத் துறை, கோவை:
163 பேரை முடியுங்கள் அக்கா. வந்த 47 பேரில் எத்தனை பேர் கார்த்திகைக்கு மறுபடி வாங்குகிறார்கள் என்று நோட்டில் தனிப் பக்கம் போடுங்கள். அந்த எண்ணிக்கை வந்த பிறகு 12,000-ஐப் பற்றிப் பேசலாம்.