மிஞ்சிய மூன்று கருக்கள்: ஆய்வுக்குக் கொடுப்பதா, அழிக்கச் சொல்வதா?

செங்காங்_அப்பா:
வணக்கம். ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) மூலம் எங்களுக்குப் பிறந்த மகளுக்கு இப்போது மூன்று வயது. மிச்சம் மூன்று கருக்கள் உறைய வைக்கப்பட்டிருக்கின்றன. இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டோம். இப்போது ஒரு படிவம் வந்திருக்கிறது. கட்டணம் கட்டி இன்னும் ஓராண்டு வைத்திருக்கலாம், அழிக்கச் சொல்லலாம், ஆய்வுக்குக் கொடுக்கலாம். தாதியிடம் கேட்டேன். "டிக் பண்ணி ரெண்டு பேரும் சைன் போட்டுக் கொடுங்க சார்" என்றார், அவ்வளவுதான். ஆய்வு என்றால் ஸ்டெம் செல் எடுப்பதும் அதில் அடக்கம் என்று வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்தது. மனைவி எதிலும் டிக் போட மாட்டேன் என்கிறார். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சண்டை வேண்டாம்.

மாறன்_ஆய்வகம்:
சண்டை வராமல் இருக்காது அண்ணே, ஆனாலும் சொல்கிறேன். புவன விஸ்தா பக்கம் ஒரு ஆய்வகத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். ஐந்தாறு நாள் கரு என்பது நூறு இருநூறு செல்கள் கொண்ட உருண்டை. முற்றுப்புள்ளியை விடச் சிறியது. அதன் உள்ளே இருக்கும் செல் கொத்தை எடுத்து வளர்த்தால், இதயம், நரம்பு, கணையம் என்று எந்தத் திசுவாகவும் அதை மாற்ற முடியும். அதுதான் ஸ்டெம் செல். எடுக்கும்போது கரு அழிந்துவிடும். அதை மறைக்க மாட்டேன். ஆனால் அழிக்கச் சொன்னால் என்ன ஆகும்? உறைநிலையிலிருந்து வெளியே எடுத்து அப்படியே விட்டுவிடுவார்கள். அப்புறம் குப்பை. இரண்டிலும் கரு பிழைக்கப் போவதில்லை. ஒன்றில் யாருக்காவது பலன் உண்டு.

சட்டமும் இங்கே சிங்கப்பூரில் தெளிவு. 2004இல் வந்த சட்டப்படி 14 நாளைக்கு மேல் கருவை உடலுக்கு வெளியே வளர்க்கக் கூடாது (உறைந்திருக்கும் காலம் கணக்கில் சேராது). மனிதப் படியாக்கம் (குளோனிங்) செய்தால் 100,000 வெள்ளி வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை. கருமுட்டை, விந்து, கரு எதையும் விற்கவோ வாங்கவோ முடியாது.

மரியா_ஓஃபிர்_ரோடு:
"எப்படியும் சாகத்தானே போகிறது" என்ற வாதம் எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. சாகப் போகிறவர் என்பதாலேயே ஒருவரிடம் உறுப்பை எடுக்கலாமா? அந்தக் கருக்கள் தாமாக மிஞ்சவில்லை. நாம்தான் மிஞ்சும்படி செய்தோம். மிஞ்ச வைத்துவிட்டு, வீணாகிறதே என்று வருத்தப்படுவது என்ன நியாயம்?

14 நாள் கதைக்கு வருகிறேன். பிரிட்டனில் அரசு அமைத்த வார்னாக் குழு 1984இல் அந்த எல்லையைப் போட்டபோது, எந்த ஆய்வகத்தாலும் கருவை அவ்வளவு நாள் வளர்க்க முடியாது. கார் போகாத சந்தில் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை வைத்த மாதிரி. 2016இல் 13 நாள் வரை வளர்த்துக் காட்டினார்கள். 2021இல் ஸ்டெம் செல் ஆய்வாளர்களின் அனைத்துலகச் சங்கமே, 14 நாளைத் தாண்டவே கூடாது என்ற விதியைத் தளர்த்திவிட்டது. கார் வந்ததும் பலகையைப் பிடுங்குகிறார்கள்.

செங்காங் தம்பி, ஐவிஎஃப் கூடாது என்றுதான் என் கத்தோலிக்கத் திருச்சபை சொல்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் மகளைப் பற்றி நான் ஒரு சொல் பேச மாட்டேன். அவள் நன்றாக இருக்கட்டும்.

மாறன்_ஆய்வகம்:
பலகை இங்கே இன்னும் இருக்கிறது அக்கா. சிங்கப்பூரில் 14 நாள் என்பது சட்டம், சங்கத்தின் வழிகாட்டி இல்லை. அந்த எண்ணும் சும்மா வந்ததில்லை. உடலின் தலை எது வால் எது என்று காட்டும் முதல் கோடு ஏறத்தாழ அந்த நாளில்தான் கருவில் விழும். அதுவரை ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராகலாம். இரண்டாகக்கூடிய ஒன்றை எப்படி 'ஒருவர்' என்பது?

தேக்கா_தாத்தா:
முப்பது வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தவன், அதனால் என் புத்தி அங்கேதான் போகிறது. மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில் தாய் வயிற்றுக்குள் நடப்பதை மாதம் மாதமாக எண்ணிக்கொண்டு வருவார். முதல் மாதத்தில், தான்றிக்காய் அளவில் இருக்கும்போது இரண்டாகிப் போவதிலிருந்து பிழைத்தேன் என்கிறார். மாறன் சொன்ன அதே பிளவுதான்! ஆனால் பிழைத்தது யார் என்று பாருங்கள். அந்த முதல் மாதத்திலேயே பிழைக்க அங்கே ஓர் உயிர் இருந்திருக்கிறது.

மாறன்_ஆய்வகம்:
தாத்தா, அதே இடத்தில் அதற்கு முன்னாலேயே கிருமிகளின் போரில் பிழைத்தேன் என்றும் வருகிறதே. அப்படியானால் விந்தணுவும் மாணிக்கவாசகர்தானா?

தேக்கா_தாத்தா:
மாட்டிவிட்டீர் ஐயா. எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய ஆள் நீர். ஆனாலும் விந்தணுவும் அவர்தான் என்பதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

பென்கூலன்_பாய்:
எங்கள் இஸ்லாத்தில் இவ்வளவு இழுபறி இல்லை. 120 நாளில்தான் உயிர் ஊதப்படுகிறது என்பது பரவலான கருத்து. அரசின் உயிரியல் அறநெறி ஆலோசனைக் குழு 2002இல் அறிக்கை தருவதற்கு முன் சமய அமைப்புகளிடம் கருத்துக் கேட்டபோது, முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) 14 நாளுக்குட்பட்ட கருவில் ஆய்வு செய்யலாம், நோக்கம் நல்லதாக இருக்க வேண்டும் என்றுதான் சொன்னது. கத்தோலிக்க மருத்துவர் சங்கம் எதிர்த்தது. எல்லாமே அந்த அறிக்கையில் இருக்கிறது.

கோப்பி_ஓ_கொசோங்:
எல்லாரும் உயிர் எப்போது வந்தது என்று பேசுகிறீர்கள். பணம் எப்போது வந்தது என்று யாரும் கேட்கவில்லையே. உயிர்மருத்துவத் துறையைப் பொருளாதாரத்தின் இன்னொரு தூணாக்கப் போகிறோம் என்ற திட்டம் 2000ஆம் ஆண்டு. அறநெறிக் குழு அமைத்தது அதே ஆண்டு டிசம்பர். பயோபோலிஸ் என்ற ஆய்வு வளாகம் திறந்தது 2003. சட்டம் 2004. கட்டடம் வந்த பிறகு சட்டம்! அந்தக் குழு வேண்டாம் என்று சொல்லியிருக்கவா போகிறது?

அமெரிக்காவில் அதிபர் புஷ் 2001 ஆகஸ்ட் 9 அன்று, அதுவரை உருவாகிவிட்ட செல் வரிசைகளுக்கு (கருவிலிருந்து எடுத்துத் தொடர்ந்து வளர்க்கும் செல்கள்) மட்டும்தான் மத்திய அரசு நிதி என்று கதவைப் பாதி சாத்தினார். நம் தேசிய தினம் பாருங்கள். அங்கே சாத்திய கதவின் வழியாக இங்கே ஆள் வந்தார்கள்.

மாறன்_ஆய்வகம்:
ஒரு சின்னத் திருத்தம். அவர் பேசியது அங்கே இரவில், இங்கே பத்தாம் தேதி காலை. பட்டாசெல்லாம் முடிந்த பிறகு.

பெரிய திருத்தம் இது: சிங்கப்பூர் இதில் பணத்துக்காகத் திடீரென்று குதிக்கவில்லை. இலங்கைத் தமிழரான டாக்டர் எஸ். எஸ். ரத்தினத்தின் குழு 1983இலேயே இங்கே சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்க வைத்தது. இலங்கையிலிருந்து வந்த அரிஃப் போங்சோ 1994இல் மனிதக் கருவிலிருந்து அந்த உள் செல்களைப் பிரித்தெடுத்தார். அப்போது அவற்றை நீண்ட நாள் வளர்க்க முடியவில்லை. 1998இல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் அதைச் சாதித்தார், பெயரும் அவருக்குப் போனது. அமெரிக்கா நிதிக்கு அனுமதித்த பட்டியலில் இங்குள்ள நிறுவனத்தின் ஆறு செல் வரிசைகள் இருந்தன. அவை ஐவிஎஃப் தம்பதிகள் கொடுத்த கருக்கள், செங்காங் அண்ணன் மாதிரி.

கோப்பி_ஓ_கொசோங்:
அது விஞ்ஞானிகளின் கதை. நான் கேட்டது அமைச்சுகளின் கதை. சரி, எதிர்ப்பவர்களும் யோக்கியர்கள் இல்லை. ஜெர்மனியில் கருவை அழித்து ஸ்டெம் செல் எடுப்பது குற்றம். ஆனால் குறிப்பிட்ட தேதிக்கு முன் வெளிநாட்டில் எடுத்ததை இறக்குமதி செய்து ஆராயலாம், 2002இல் சட்டமே போட்டார்கள். அப்புறம் அந்தத் தேதியையும் 2007 வரை தள்ளினார்கள். கோழியை நான் அறுக்க மாட்டேன், குழம்பு மட்டும் ஊற்று என்கிற கதை.

நிஷா_ஊசி:
குறுக்கே வருகிறேன். எனக்கு ஒன்பது வயதிலிருந்து முதல் வகை நீரிழிவு. தூக்கத்தில் சர்க்கரை இறங்கி, அம்மா வாயில் மைலோ ஊற்றி எழுப்பிய இரவுகள் உண்டு. 2025இல் வெளியான ஒரு சோதனை முடிவைப் படித்தேன். கரு ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த கணையச் செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டுக்குப் பிறகு இன்சுலினே தேவைப்படவில்லை. பத்துப் பேர். முற்றுப்புள்ளியை விடச் சிறிய ஒன்றுக்கு இருக்கும் மதிப்பு எனக்கு இல்லையா என்று சில நேரம் கோபம் வருகிறது.

மரியா_ஓஃபிர்_ரோடு:
நிஷா, உங்கள் கோபம் நியாயம். என் தம்பி மகனுக்கும் இதே நோய். ஆனால் கருவைத் தொடாமலே இதைச் செய்ய வழி வந்துவிட்டதே? ஜப்பானின் யமனாகா 2006இல் சாதாரணச் செல்லையே ஸ்டெம் செல் நிலைக்குப் பின்னோக்கித் திருப்பிக் காட்டி 2012இல் நோபெல் வாங்கினார். சீனாவின் தியான்ஜினில் ஒரு பெண்ணுக்கு அவருடைய சொந்தச் செல்லிலிருந்து வளர்த்ததை வைத்து இன்சுலினை நிறுத்தினார்கள், 2024இல் முடிவு வெளியானது. உங்களுக்குக் கிடைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த வழியில் வரட்டும் என்கிறேன்.

நிஷா_ஊசி:
அது ஒரே ஒருவர் அக்கா. அவர் ஏற்கெனவே கல்லீரல் மாற்றுச் சிகிச்சைக்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருந்தவர், அதனால் முழுக் கணக்குத் தெரியவில்லை. நான் சொன்ன 12 பேரும் அதே மாதிரி மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஊசிக்குப் பதில் மாத்திரை. இரண்டு வழியும் ஓடட்டும். எது முந்துகிறதோ அதில் ஏறிக்கொள்கிறேன்.

மாறன்_ஆய்வகம்:
யமனாகாவின் செல் சரியாகத் திரும்பியிருக்கிறதா என்று எதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? கரு ஸ்டெம் செல்லோடுதான்.

செங்காங்_அப்பா:
எல்லாவற்றையும் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். உயிரா, செல்லா என்ற விவாதத்தில் அவருக்கு அக்கறையே இல்லை. நான்கு கருக்களும் ஒரே நாளில் உறைய வைத்தவை என்றார். பார்க்க நன்றாக இருந்த ஒன்றை மருத்துவர் எடுத்து வைத்தார், அதுதான் எங்கள் மகள். வேறொன்றை எடுத்திருந்தால் இவள்தான் இந்தப் படிவத்தில் இருந்திருப்பாள், இவளுக்கு நான் எந்தக் கட்டத்தில் டிக் போடுவேன் என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

மாறன், ஒன்று மட்டும் சொல்லுங்கள். ஆய்வுக்கு என்று கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறினால்?

மாறன்_ஆய்வகம்:
பயன்படுத்துவதற்கு முன்னால் என்றால் திரும்பப் பெறலாம். செல் எடுத்துவிட்டால் முடியாது. ஆலோசனை கேளுங்கள், தாதி சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். உங்களுக்குச் சிகிச்சை தந்தவரும் ஆய்வு செய்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அண்ணி கேட்டதற்கு என்னிடமும் பதில் இல்லை.

செங்காங்_அப்பா:
ஓராண்டுக் கட்டணம் கட்டிவிட்டோம். அடுத்த வருடம் இதே மாதம் படிவம் மறுபடி வரும். அப்போது இங்கே இருப்பீர்கள்தானே?

மாறன்_ஆய்வகம்:
இருப்பேன். மரியா அக்காவும் இருப்பார், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.