புது தொட்டி, மீன் எல்லாம் மேலேயே வாய் பிளக்குது – அவசரம்

குட்டிக்கடல்: முந்தாநாள் வாங்கின மீன் எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. ஒண்ணு அடியில சாய்ஞ்சு கிடக்கு. தண்ணி வெள்ளையா கலங்கியிருக்கு. கடையில கொடுத்த நீல மருந்து விட்டாச்சு. சீக்கிரம் சொல்லுங்க.

துடுப்பு: என்ன மீன், எத்தனை? தொட்டி அளவு? ஃபில்டர் ஓடுதா? மெட்ரோ தண்ணியா, போர் தண்ணியா?

கல்லுப்பு: அதெல்லாம் அப்புறம். லிட்டருக்கு 3 கிராம் கல் உப்பு போடுங்க, சரியாயிடும்.

நீர்மானி: மீன் பேரே தெரியாம உப்புக்கு அளவு. உள்ள உப்பு ஒத்துக்காத கோரிடோரஸ் கெளுத்தி இருந்தா? தொட்டி வாங்கின கையோட மீன் விடாதீங்கன்னு இங்க சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. யாரு படிக்கிறா?

குட்டிக்கடல்: கோல்டு ஃபிஷ் 6. ரெண்டடி தொட்டி. மெட்ரோ தண்ணி. ஃபில்டர் ராத்திரி சத்தம்னு ஆஃப். தீனி தினம் மூணு வேளை.

துடுப்பு: 2×1×1 அடின்னா கல்லு போக 45 லிட்டர்தான் நிக்கும். அதுல 6 கோல்டு ஃபிஷ் ரொம்ப அதிகம். மீன் செவுள் வழியா விடுற அம்மோனியாவைத் தின்னுற பாக்டீரியா ஃபில்டர்ல வளர 4-6 வாரம் ஆகும். உங்க தொட்டியில அது இன்னும் இல்ல. அம்மோனியா தேங்கி, செவுள் எரிஞ்சுதான் மேல வருது.

இப்பவே பாதி தண்ணியை மாத்துங்க. புதுத் தண்ணியில முதல்ல ஆன்டி குளோரின் (குளோரினைப் போக்குற மருந்து), பாட்டில்ல போட்ட அளவு. சூடு பழைய தண்ணி அளவே இருக்கணும். ஃபில்டர் 24 மணி நேரமும் ஓடணும், கூட ஒரு ஏர் பம்ப். லைட் வேணாம், ரெண்டு நாள் தீனியும் வேணாம். நீல மருந்து மெத்திலீன் ப்ளூவா இருந்தா நிறுத்துங்க, வளர்ற பாக்டீரியாவையும் கொன்னுடும். நோயில்லாத பழைய தொட்டியோட ஃபில்டர் ஸ்பாஞ்ச் யார்கிட்டயாவது கிடைச்சா உங்க ஃபில்டருக்குள்ள வையுங்க. பாக்டீரியா வர இதைவிட வேகமான வழி கிடையாது. அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்துச் சொல்லுங்க.

கல்லுப்பு: கோல்டு ஃபிஷ்தானே, இப்ப உப்பு போடலாம்ல?

நீர்மானி: உப்பு அம்மோனியாவை ஒண்ணும் பண்ணாது. அடுத்து பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டா மாத்தி, அது ஏறும்போதுதான் உப்புக்கு வேலை, அப்பவும் லிட்டருக்கு 1 கிராம் போதும், கரைச்சு ஊத்தணும். அது கிடக்கட்டும், பையில இருந்து மீனை எப்படி விட்டாராம்? ஒரு மணி நேரமாவது சொட்டுச் சொட்டா தண்ணி சேர்த்துப் பழக்கணும்.

கல்லுப்பு: தப்பு. பார்சல்ல வந்த பைக்கு அது ஆகாது. பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பி.எச். (தண்ணியோட அமில-கார அளவு) ஏறும், உள்ள தேங்கின அம்மோனியா விஷமாகும். 15 நிமிஷம் மூடியபடி மிதக்க விட்டு, வலையில அள்ளி விடணும்.

நீர்மானி: அது கொரியர்ல வர்ற மீனுக்கு. கடையில இருந்து அரை மணி நேரத்துல வர்ற பைக்கு இல்ல.

கல்லுப்பு: எவ்வளவு தூரத்துல இருந்து வந்துச்சுன்னு அவரு சொன்னாரா?

குட்டிக்கடல்: பாதி மாத்தியாச்சு. அப்புறம் பார்த்ததுல அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம். சாய்ஞ்சு கிடந்தது செத்துடுச்சு. மத்த அஞ்சும் கொஞ்சம் கீழ இறங்கியிருக்கு. நன்றி.

துடுப்பு: பாதி மாத்தியும் 2-ன்னா ரொம்ப அதிகம். காலையில இன்னொரு பாதி, அப்புறம் 0.5-க்குக் கீழ வர்ற வரை தினமும் மூணுல ஒரு பங்கு. மூணு மீனையாவது கடைக்கே திருப்பிக் கொடுங்க. பி.எச். என்ன காட்டுது? 7-ல இருக்கிறதைவிட 8-ல அதே அம்மோனியா கிட்டத்தட்ட பத்து மடங்கு விஷம்.

நீர்மானி: இனி எங்க வரப் போறாரு. கல்லுப்பு, அந்த 15 நிமிஷக் கணக்கு எங்க இருந்து வந்துச்சு?