ஆங்கிலத்தில் எழுதும்போது இடறிய இலத்தீன் தொடர்கள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

சுற்றறிக்கை எழுதியவர்

ஐந்து ஆண்டுகள் கடந்தும் இது என் மனத்தை விட்டு அகலவில்லை. பயணச் செலவு குறித்து ஆங்கிலத்தில் நான் எழுதிய சுற்றறிக்கையில், பொதுப் போக்குவரத்துக்கான செலவைத் திரும்பப் பெறலாம் என்று சொல்லி, அதன் பின் 'ஐ.இ.' என்று இட்டு, பேருந்து, ரயில் என்று முடித்திருந்தேன். எடுத்துக்காட்டுத் தருவதாகவே நினைத்திருந்தேன். பயணிகள் படகில் வந்துபோகும் ஊழியர் ஒருவரின் விண்ணப்பத்தைக் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பியது. அவர் என் மேசைக்கு வந்து, அந்த இரண்டு எழுத்துகளின் மேல் விரலை வைத்து, "இதற்கு 'அதாவது' என்றுதானே பொருள்? அப்படியென்றால் படகு இதில் சேராதே?" என்று கேட்டார். அவர் விரல் இருந்த இடம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஐ.இ. என்பது 'இட் எஸ்ட்', அதாவது. நான் எழுதியிருக்க வேண்டிய இ.ஜி. என்பது 'எக்ஸெம்ப்ளி கிராட்டியா', எடுத்துக்காட்டாக. தமிழில் இவ்விரண்டையும் ஒருநாளும் மாற்றி எழுதியிராத நான், புள்ளி வைத்த இரண்டெழுத்தாக வந்ததும் பொருளைப் பார்க்காமலே எழுதிவிட்டேன்.

ஆய்வு மாணவி

எனக்கு நேர்ந்தது ஒரே ஒரு புள்ளியால். பலர் சேர்ந்து எழுதிய கட்டுரையைச் சுட்டும்போது முதல் ஆசிரியரின் பெயருக்குப் பின் இடும் 'எட் ஆல்.' என்ற தொடரில் 'எட்' என்பது 'உம்' என்னும் பொருளுடைய முழுச் சொல். 'ஆல்' மட்டுமே 'ஆலியி', அதாவது 'பிறர்', என்பதன் சுருக்கம். ஆகவே புள்ளி பின்னதற்கு மட்டுமே உரியது. நான் ஆய்வேடு முழுவதும் இரண்டுக்குமே புள்ளி இட்டிருந்தேன். தேர்வாளர் ஒரு பக்கத்தையும் விடாமல் அந்த முதற்புள்ளியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, கடைசிப் பக்கத்தில், "இவர் மேற்கோள் காட்டும் கட்டுரைகளைத் தாமே படித்திருந்தால் இந்தப் புள்ளி வந்திருக்காது" என்று எழுதியிருந்தார். நான் அவை அனைத்தையும் படித்திருந்தேன். அந்த வரிக்கு மறுமொழி சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

மெய்ப்புத் திருத்துநர்

தேர்வாளரின் வட்டம் சரி, அவருடைய முடிவு தவறு. ஆனால் உங்கள் ஆய்வேட்டில் அதைவிடப் பெரிய பிழை இருந்திருக்கக்கூடும். 'எட் ஆல்.' எழுவாயாக வரும்போது பலரைக் குறிப்பதால் வினைமுற்று பன்மையில் வர வேண்டும். முன்னால் ஒரே பெயர் நிற்பதைப் பார்த்துப் பலர் ஒருமையில் முடித்துவிடுகிறார்கள். என் அனுபவம் சிறியது: நான் மெய்ப்புப் பார்த்த நூலின் முன்னுரையில் 'அண்டு எட்செட்ரா' என்று அச்சாகி வந்தபோது இரவு முழுவதும் உறங்கவில்லை. எட்செட்ராவில் 'எட்' என்பதே 'மற்றும்' ஆகையால், அது தமிழில் 'நடுமையம்' என்பதைப் போன்ற கூறியது கூறல்.

இதை ஒட்டிச் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். இ.ஜி. என்று தொடங்கிய பட்டியலை எட்செட்ராவால் முடிக்காதீர்கள்; எடுத்துக்காட்டு என்ற சொல்லே பட்டியல் முழுமையானதன்று என்று அறிவித்துவிடுகிறது. ஐ.இ., இ.ஜி. இரண்டுக்கும் பின் அமெரிக்க வழக்கில் காற்புள்ளி வரும், பிரித்தானிய வழக்கில் பெரும்பாலும் வராது. எதை ஏற்றாலும் ஓர் ஆவணத்துக்குள் மாற்றாதீர்கள். 'சி.எஃப்.' என்பது 'கோன்ஃபெர்', அதாவது 'ஒப்பிடுக'. அதைக் 'காண்க' என்ற பொருளில் இடுவோர்தாம் மிகுதி. எழுதிய பின் சுருக்கத்தை எடுத்துவிட்டு அதன் முழுப்பொருளை அங்கே வைத்து உரக்கப் படியுங்கள், இடறினால் சுருக்கம் தவறு. பொதுமக்களுக்கான அறிவிப்பாயின் சுருக்கத்தையே தவிருங்கள். பிரித்தானிய அரசின் இணையதளம் 2016இல் இவற்றைக் கைவிட முடிவு செய்தது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள், புள்ளியின்றி எழுதப்பட்ட இ.ஜி.யைச் சில வேளைகளில் முட்டையைக் குறிக்கும் 'எக்' என்று வாசித்துவிடுகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை

நான் ஏற்பாடு செய்த பாராட்டு விழாவில், முன்னாள் மாணவி ஒருவருக்கான கேடயத்தில் 'அலும்னை' என்று பொறித்துவிட்டோம். அது பலரைக் குறிக்கும் சொல். ஆண் ஒருவர் 'அலும்னஸ்', பெண் ஒருவர் 'அலும்னா'. அவர் கேடயத்தைப் பெற்றுக்கொண்டு, மேடையை விட்டு இறங்கும் முன் என் காதருகே, "டீச்சர், நான் ஒருத்திதானே?" என்று மெல்லச் சொன்னார். ஊட்டி வளர்த்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்த அந்தச் சொல்லை, நான் வளர்த்த பிள்ளைக்கே பிழையாகக் கொடுத்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

மறுப்பவர்

ஆசிரியையின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் மெய்ப்புத் திருத்துநர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: இலத்தீன் இலக்கணம் ஆங்கிலத்தில் எதுவரை செல்லும்? 'அஜெண்டா' இலத்தீனில் பன்மை; அதன் ஒருமையான 'அஜெண்டம்' என்பதை நான் ஒரு கூட்டத்தில் அக்கறையுடன் பயன்படுத்தியபோது, குறிப்பெடுத்தவர் அதை ஒருவருடைய பெயர் என்று எண்ணி வருகைப் பட்டியலில் சேர்த்துவிட்டார். 'ஆம்னிபஸ்' என்பது 'எல்லோருக்கும்' என்னும் பொருளில் நான்காம் வேற்றுமை ஏற்ற சொல். அதில் வெறும் உருபாக நின்ற வால்தான் இன்று 'பஸ்' ஆகியிருக்கிறது. அதற்கு இலத்தீன் பன்மை தேட இடமே இல்லை. ஆங்கிலத்தில் அறிவிலியைக் குறிக்கும் 'இக்னொரேமஸ்' என்பதோ இலத்தீனில் 'நாம் அறியோம்' என்னும் வினைமுற்று. அதை அலும்னஸைப் போல எண்ணி 'இக்னொரேமை' என்று பன்மையாக்குவது எந்த மொழிக்கும் பொருந்தாது. குடியேறிய சொல் குடியேறிய மொழியின் சட்டத்துக்கே உட்பட்டது என்பது என் உறுதியான கருத்து.

விண்ணப்பதாரர்

15ஆம் தேதி '12 ஏ.எம்.' வரை விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. நான் 15ஆம் தேதி இரவு பதினொரு மணிக்கு அமர்ந்தேன். பக்கம் மூடப்பட்டு ஏறத்தாழ ஒரு நாள் ஆகியிருந்தது. 'ஆன்டே மெரிடியம்' என்றால் நண்பகலுக்கு முன். ஆகவே வழக்கப்படி 12 ஏ.எம். என்பது அந்த நாள் பிறக்கும் நள்ளிரவு. எழுதுபவர்கள் 'நள்ளிரவு' என்றும் எந்த இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்டது என்றும் எழுதினால் போதும்.

இதழாசிரியர் குழுவில் இருந்தவர்

முதியவர் ஒருவர், மறைந்த தம் நண்பரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியனுப்பிய கடிதத்தை வெளியிட்டோம். 'ஜட்ஜ்மென்ட்' என்ற சொல்லின் நடுவே அவர் ஓர் 'இ' சேர்த்திருந்ததைப் பிழையென்று கருதி, அதன் பின் சதுர அடைப்புக்குறிக்குள் 'சிக்' என்று இட்டேன். 'இவ்வாறே' என்பது அதன் பொருள். பிழை மூலத்தினுடையது, எங்களுடையதன்று என்று அது சொல்லும். ஆனால் பிரித்தானிய எழுத்துமுறையில் அந்த 'இ' முற்றிலும் சரியானது. இதழ் கிடைத்ததும் அவர் இரண்டே வரி எழுதினார்: "எனக்கு அப்படித்தான் கற்பித்தார்கள். என் நண்பனும் அப்படித்தான் எழுதுவான்." மறு இதழில் திருத்தம் வெளியிட்டோம். ஆனால் அந்தப் பக்கத்தை நறுக்கித் தம் நண்பரின் குடும்பத்துக்கு அவர் முன்பே அனுப்பிவிட்டிருந்தார்.