கார் உள்பக்கச் சுத்தம்: இன்னும் உறுத்துகிற ஒரு வண்டியைப் பற்றிச் சொல்லுங்க

திருப்புளி
பால் கொட்டின வண்டி. ரெண்டு தடவை ஷாம்பு வாஷ் முடிஞ்சு கார்பெட் தொட்டா காய்ஞ்சுதான் இருக்கு. ஆனா வெயில்ல நிறுத்தினா புளிச்ச நாத்தம் குப்புனு வருது. சீட்டைக் கழட்டி, கதவோரப் பட்டையை எடுத்து, கார்பெட்டைத் தூக்கி அடி ஃபோமை உள்ளங்கையால அழுத்தினதும் மஞ்சளா தண்ணி ஊறி வந்துச்சு. அது கண்ணுலயே நிக்குது. மேல எவ்வளவு கழுவினாலும் பால் ஊறின ஆழம் வரைக்கும் மருந்து போகலன்னா பிரயோஜனமே இல்ல.

நீலவண்டி
கார்பெட்டைத் தூக்கவே வேண்டாம். ஸ்டீமர் அடிச்சா கிருமி செத்துடும், நாத்தம் போயிடும்.

அச்சாணி
நீலவண்டி, பாலுக்கு முதல்லயே சூடு காட்டக் கூடாது. சூட்டுல புரதம் திரிஞ்சு இழையில ஒட்டிக்கும். அதுக்கப்புறம் எடுக்கிறது ரொம்பக் கஷ்டம். கிருமி செத்தாலும் அதோட தீனி ஃபோமுக்குள்ளயே இருக்கு. ஈரம் பட்டா மறுபடி ஆரம்பிக்கும்.

முதல்ல பச்சைத்தண்ணி ஊத்தி வெட் வேக்யூம்ல (தண்ணியையும் உறிஞ்சுற வேக்யூம்) இழுங்க. வர்ற தண்ணி தெளியிற வரைக்கும் திரும்பத் திரும்ப. அப்புறம் பால் புரதத்தைச் சிதைக்கிற என்சைம் கிளீனரை ஃபோம் நனையற அளவுக்கு ஊத்தி, காயாம இருக்க மேல பிளாஸ்டிக் ஷீட் போட்டு, பாட்டில்ல போட்டிருக்கிற நேரம் வரை விடுங்க. அதுக்கு முன்னாடி ப்ளீச் தொடவே தொடாதீங்க, என்சைம் வேலை செய்யாமப் போயிடும். கடைசியா அலசி இழுத்து, கார்பெட்டுக்கு அடியில கட்டை வெச்சுத் தூக்கி ஃபேன் போடுங்க. மேல் துணி சீக்கிரம் காயும், ஃபோம் காயாது. அவசரப்பட்டு மூடினா பூஞ்சைதான்.

இன்னொண்ணு, யாரும் கேக்கல, ஆனாலும் சொல்லியாகணும். சீட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி இக்னிஷனை ஆஃப் பண்ணி, பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, மேனுவல்ல சொன்ன நேரம் காத்திருங்க. சீட்டுக்கு அடியில மஞ்சள் கனெக்டர் இருந்தா அது பெரும்பாலும் ஏர்பேக்கோடது. அதைப் பிடுங்கிட்டு இக்னிஷன் போட்டா ஏர்பேக் லைட் எரியும். பல வண்டியில, வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறைப் படிக்கிற ஸ்கேனர் வெச்சுத்தான் அதை அழிக்க முடியும்.

வெள்ளைத்துணி
எனக்கு உறுத்துறது லெதர். க்ரீம் கலர் சீட்டுல ஜீன்ஸ் சாயம். மெலமின் ஸ்பாஞ்ச் வெச்சுத் தேய்ச்சதும் நீலம் போயிடுச்சு. டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சுப் பார்த்தா உள்ளங்கை அகலத்துக்கு அந்த இடம் மட்டும் வேற மினுமினுப்பு. சாயத்தோட மேல்பூச்சும் போயாச்சு. அந்த ஸ்பாஞ்ச் நைஸ் எமரி பேப்பர் மாதிரிதான். கண்டிஷனர் போட்டு அது திரும்பாது.

லெதர் கிளீனரை பிரஷ்ல எடுத்து நுரை வர வெச்சு, அழுத்தாம, துணியால ஒத்தி எடுத்து, நாலஞ்சு சுற்று போங்க. சாயம் ஏறின சீட்டைச் சுத்தம் பண்றதை விட, புதுசா இருக்கும்போதே லெதர் கோட்டிங் போடறது சுலபம். சீட்டுல உட்காருற பகுதிக்கும் ஓரத்துல தடிப்பா இருக்கிற பக்கத்துக்கும் போட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

திருப்புளி
அச்சாணி சொன்ன வரிசைதான் சரி. ஈரக் கார்பெட்ல பேக்கிங் சோடா மட்டும் கொட்டாதீங்க. இழைக்குள்ள கட்டியாகிடும், வேக்யூம்ல லேசுல வராது.